ஜாவா வீட்டுக்கு ஓர் அயலட்டைச் சாட்சி

இராஜேந்திரன் தன் வாழ்நாளில் இவ்வளவு கடதாசி சேர்த்ததில்லை. அகதியாக வந்து இறங்கிய காலத்தில்கூட அவரிடம் இத்தனை கேட்கவில்லை. பென்சன் கடிதம், பொலிஸ் நற்சான்று, மருத்துவக் காப்புறுதி, கலியாணப் பதிவு, அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவர் மொழிபெயர்க்கத் தகுதியானவர்தான் என்பதற்கு இன்னொரு கடதாசி. எல்லாவற்றையும் ஒரு நீலக் கோப்பில் அடுக்கி, லண்டனில் மிச்சம் என்கிற பகுதியிலுள்ள தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தார். ஜாவாத் தீவின் மலையடிவாரக் கிராமம் ஒன்றில் ஓட்டு வீடொன்றை இருபத்தைந்து வருடக் குத்தகைக்கு எடுப்பதற்குத்தான் இந்தப் பாடு. வெளிநாட்டுக்காரர் அங்கே நிலத்தை முழுச் சொந்தமாக வாங்க முடியாது என்று நொத்தாரிசு கையை விரித்துவிட்டார். அறுபத்தேழு வயதுக்காரனுக்கு இருபத்தைந்து வருடம் தாராளம், அதற்கு மேல் தந்தாலும் யார் இருக்கப்போகிறார்கள் என்று இராஜேந்திரன் மனதைத் தேற்றிக்கொண்டார்.

அப்போதுதான் மகள் விதுஷா வீடியோவில் வந்தாள். அவள் யோக்யகர்த்தா நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். அந்த நாட்டுப் பாஷை அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"அப்பா, இபு சுலஸ்திரி கையெழுத்து வைக்க ரெடி. ஆனா ஒரு கண்டிஷன்."

இபு என்பது அங்கே மூத்த பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல். சுலஸ்திரி அந்த வீட்டின் சொந்தக்காரி, இளைப்பாறிய ஆசிரியை, பக்கத்து வளவிலேயே குடியிருப்பவர்.

"என்ன, காசு கூட்டிப்போட்டாவோ?"

"காசில்லை அப்பா. லண்டனிலை எங்கடை பக்கத்து வீட்டுக்காரரோடை ஒருக்காக் கதைக்கவேணுமாம். நீங்கள் அயலோடை எப்பிடி எண்டு அவை சொல்லவேணுமாம்."

இராஜேந்திரன் நீலக் கோப்பைப் பார்த்தார். அதற்குள் இதற்கு மட்டும் கடதாசி இல்லை.

அந்த அம்மா சும்மா கேட்கவில்லை, பிழை முழுவதும் இவருடையதுதான். தை மாதம் கணவனும் மனைவியுமாக அந்த வீட்டில் ஐந்து கிழமை இருந்து பார்த்தார்கள். வீடு நல்ல வீடு. படி என்று ஒன்று கிடையாது, வாசலில் இருந்து குசினி வரை ஒரே மட்டமான சீமெந்துத் தரை. முற்றத்தில் இரண்டு பலா, பின்னால் ஒரு மீன் குளம். ஒரேயொரு குறை, இந்த வளவுக்கும் சுலஸ்திரியின் வளவுக்கும் நடுவில் வேலி இல்லை. கோழி வந்தது. பிள்ளைகள் வந்தார்கள். தலையில் புல்லுக் கட்டோடு ஒரு மனிதர் தினமும் காலையில் படுக்கையறை யன்னலுக்குக் கீழே நடந்து போனார், போகும்போது உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்து நலம் விசாரித்தார். வேலியில்லாத வளவில் நிற்பது இராஜேந்திரனுக்கு நடுச் சந்தியில் வேட்டியில்லாமல் நிற்பது போல இருந்தது.

மூன்றாம் நாள் ஒழுங்கைக் கரையில் சீமைக்கிளுவை மரத்தைக் கண்டார். கண்டதும் கை துருதுருத்தது. சுலஸ்திரி உறவினர் கலியாணத்துக்குப் போயிருந்த பகலில் நட்டால் தழைக்கிற வேலித் தடிகளாக நாற்பத்திரண்டு கதியால் வெட்டினார், கயிறு பிடித்தார், பின்னேரத்துக்குள் ஒரு பக்கத்து எல்லையை முழுக்க நட்டு முடித்துவிட்டார். அந்த அம்மாவுக்குச் செய்கிற உதவி என்றே நினைத்தார், சத்தியமாக. ஆனால் மறுநாள் காலையில் நின்று பார்த்தபோது, கயிற்றின் அந்தக் கரை சுலஸ்திரியின் பக்கமாக நாலு விரற்கடை சரிந்து கிடந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அவருடைய தகப்பன் வருடாவருடம் வேலியடைக்கும்போது செய்த வேலை, கை தன் பாட்டில் செய்துவிட்டது.

சுலஸ்திரி வந்தார், பார்த்தார், ஒரு சொல் சொல்லவில்லை. அன்று பொரித்த வாழைப்பழத் தட்டை றோட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து தந்தார். ஏழு மாதம் பொறுத்திருந்து இப்போதுதான் விதுஷாவிடம் வாய் திறந்திருக்கிறார். நான் என்ன குற்றம் செய்தேன், அந்த மனிதர் என்னை ஏன் அடைத்து வைத்தார், பக்கத்தில் இருபத்தைந்து வருடம் இருக்கப்போகிறவரைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று கேட்டாராம். நியாயமான கேள்வி.

வேறு வீடு பார்க்கலாம் என்று விட்டுவிட முடியாதபடிக்கு மனைவி தவநாயகியின் முழங்கால் இருந்தது. லண்டன் குளிர் அவருடைய இரண்டு முழங்காலுக்குள்ளும் குடிபுகுந்து பல வருடம். மிச்சம் வீட்டின் பதின்மூன்று படிகளையும் அவர் ஒவ்வொன்றிலும் குந்தி இருந்து இருந்துதான் இறங்குவார். போன மாரி முழுவதும் கீழே சோபாவில் படுத்தார். ஜாவாவுக்குப் போன இரண்டாம் கிழமை ஒரு காலை இராஜேந்திரன் எழும்பிப் பார்த்தால் மனைவியின் ஊன்றுகோல் வாசற் சுவரில் சாய்ந்து நிற்கிறது, ஆளைக் காணவில்லை. விழுந்துவிட்டாள் என்று பதறி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். தவநாயகி சந்தையில் நின்று பிஞ்சுப் பலாக்காய்க்குத் தமிழில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். கோல் இல்லாமல் இரண்டு கால்களிலும் நேராக நின்றார். இராஜேந்திரன் அந்தச் சந்தை நடுவில் நின்று, இந்த ஊரில் வீடு எடுக்காவிட்டால் நான் மனிசனே இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

ஆக, வேண்டியது ஒரு பக்கத்து வீட்டுக்காரர். இருந்ததோ கிறிஸ்துராஜா.

கிறிஸ்துராஜா மன்னார்க்காரர், பஸ் ஓட்டி இளைப்பாறியவர், கத்தோலிக்கக் கோவில் பாடற்குழுவில் மற்ற எல்லாரையும் அமுக்கிப் பாடுகிற குரல்காரர். ஒரு காலத்தில் இரண்டு பேரும் நகமும் சதையும்தான். இவர் அவரை கிறிஸ்டி என்பார், அவர் இவரை அண்ணை என்பார். இரண்டு வளவுக்கும் நடுவில் உக்கிய பலகை வேலி ஒன்று நின்றது. அதில் ஒரு பலகை விழுந்த இடத்தில் ஆள் நுழைகிற இடைவெளியாகப் பொட்டு ஒன்று இருந்தது, அதற்குள்ளால் தவநாயகியும் கிறிஸ்துராஜாவின் மனைவி றஜீனாவும் நாளுக்கு நாலு தரம் போய் வருவார்கள். பதினொரு வருடத்துக்கு முந்திய ஐப்பசிப் புயலில் வேலி முழுவதும் சரிந்தது. அந்த நேரம் கிறிஸ்துராஜா தாயின் செத்தவீட்டுக்கு மன்னாருக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் இராஜேந்திரன் தன் செலவிலேயே கொங்கிறீட் தூண் நட்டு, ஆளுயரப் பலகைத் தட்டிகள் இறக்கி, பொட்டில்லாத புது வேலி போட்டுவிட்டார்.

அந்த வேலியும் நாலு விரற்கடை நகர்ந்துதான் நின்றது. கிறிஸ்துராஜாவுக்கு அதை அளக்க நாடா தேவைப்படவில்லை. அவருடைய பின்வளவுக் கொட்டிலுக்கும் பழைய வேலிக்கும் நடுவால் புல்லு வெட்டுகிற மெசின் மட்டுமட்டாகப் போகும். செத்தவீட்டுக் களைப்போடு வந்து முதன்முதலாக அதைத் தள்ளியபோது மெசின் இறுகி நின்றது. "அண்ணை, வேலி தள்ளி நிக்குது" என்றார். "உமக்கு விசரே?" என்றார் இராஜேந்திரன். அத்தோடு முடிந்தது. அன்று தொடக்கம் கிறிஸ்துராஜா புல்லு வெட்டுகிற ஒவ்வொரு முறையும், இராஜேந்திரனின் குசினி யன்னலுக்கு நேரே, அந்த மெசினைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடப்பார். வேகமாக நடக்கவும் மாட்டார்.

மனைவிமார் பேச்சை நிறுத்தவில்லை. நத்தாருக்கு அங்கிருந்து கேக் வரும், பொங்கலுக்கு இங்கிருந்து புக்கை போகும். ஆண்கள் இருவரும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் சாப்பிட்டுவிடுவார்கள்.

இராஜேந்திரன் முதலில் குறுக்கு வழி தேடினார். மற்றப் பக்கத்து வீட்டில் மாணவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். கதவைத் தட்டி, தன்னைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டார். நீங்கள்தான் வீட்டுச் சொந்தக்காரரா, கொதிநீர் வருவதில்லை என்று அவர்கள் முறையிட்டார்கள். பிறகு ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் சிநேகிதர் ஒருவரைக் கூட்டிவந்து பக்கத்து வீட்டுக்காரராக நிறுத்தலாமா என்று யோசித்தார்.

விதுஷா தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, ரெண்டு வீட்டையும் வீடியோவிலை காட்டச் சொல்லுவா. அவ முப்பது வருசம் ரீச்சரா இருந்தவ. பொய் சொல்லுற பிள்ளையளைத் தெரியும்."

சோபாவில் இருந்தபடி முழங்காலுக்குத் தைலம் பூசிக்கொண்டிருந்த தவநாயகி தலையை நிமிர்த்தவில்லை. "இஞ்சேருங்கோ, கிறிஸ்டியிட்டைப் போய்க் கேளுங்கோ. அல்லாட்டி எனக்கு ஜாவாவும் வேண்டாம், உங்கடை பைலும் வேண்டாம்."

போனார். பதினொரு வருடத்துக்குப் பிறகு அந்தக் கதவைத் தட்டினார். கிறிஸ்துராஜாவே வந்து திறந்தார்.

"சொல்லுங்கோ, மிஸ்டர் இராஜேந்திரன்."

அந்த மிஸ்டர் எங்கே தைக்கவேண்டுமோ அங்கே தைத்தது. இராஜேந்திரன் வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். முழங்கால், சந்தை, பலாக்காய், கதியால், எல்லாவற்றையும் சொன்னார். கதியால் என்றதும் கிறிஸ்துராஜாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அங்கையும் நட்டுப்போட்டியளோ?"

"ஓம்."

"நேரா நட்டனீங்களோ?"

இராஜேந்திரன் வாசற் கால்மிதியைக் காலால் நேராக்கினார்.

"தவமக்காவுக்காக நான் கதைக்கிறன். ஆனா எனக்குப் பொய் சொல்ல ஏலாது, மிஸ்டர் இராஜேந்திரன். சனிக்கிழமையிலை நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போறனான். காலமை பொய் சொன்னா அண்டு பின்னேரமே பாதருக்குச் சொல்லவேண்டி வரும்."

சனிக்கிழமை காலை ஒன்பது மணி, ஜாவாவில் அப்போது பின்னேரம் மூன்று. இராஜேந்திரன் தன் பின்வளவில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலிக்கு மேலால் கிறிஸ்துராஜாவின் தலை தெரிந்தது. பால் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி, கோட்டும் கழுத்துப் பட்டியுமாக நின்றார். திரையில் சுலஸ்திரியை மட்டும் எதிர்பார்த்தால் அங்கே பதினாலு பேர். பிளாஸ்ரிக் கதிரை போட்டு, பலகாரத் தட்டு வைத்து, கலியாண வீடு மாதிரி இருந்தார்கள். புல்லுக் கட்டுக்காரரும் இருந்தார். வட்டாரத் தலைவர் கொப்பியும் பேனையுமாக முன்வரிசையில் இருந்தார். விதுஷா நடுவில் இருந்து இரண்டு பாஷைக்கும் பாலம் போட்டாள்.

"ஆள் சத்தம் போடுவாரோ எண்டு கேக்கினம், அங்கிள்."

"விடிய அஞ்சு மணிக்குக் காறித் துப்புற சத்தம் எங்கடை வீட்டுக்குக் கேக்கும்" என்றார் கிறிஸ்துராஜா. விதுஷா அப்படியே சொன்னாள். பதினாலு பேரும் சிரித்தார்கள். வட்டாரத் தலைவர் எழுதிக்கொண்டார்.

"வருத்தம் துன்பத்துக்கு வருவாரோ?"

"அவற்றை மனிசி வருவா."

"அவர்?"

கிறிஸ்துராஜா கொஞ்சம் யோசித்தார். "றஜீனா ஆஸ்பத்திரியிலை இருக்கேக்கை எங்கடை குப்பைத் தொட்டியை ஆரோ கிழமைக்குக் கிழமை வெளியிலை வச்சது. ஆரெண்டு நான் கேக்கேல்லை."

இராஜேந்திரன் நிலத்தைப் பார்த்தார். அடுத்ததாக வேலியைப் பற்றிக் கேட்பார்கள் என்று காத்திருந்தார். ஆனால் சுலஸ்திரி வேலியைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் கதிரையில் முன்னுக்குச் சரிந்து, மெதுவாக ஏதோ சொன்னார்.

"அம்மாவுக்குச் சமைக்கேக்கை உப்பு முடிஞ்சா, பக்கத்து வீட்டை எப்பிடிப் போவா எண்டு கேக்கிறா. போய்க் காட்டச் சொல்லுறா."

தவநாயகி குசினி வாசலில் நின்றார். "இதென்ன, போறன்" என்று சொல்லிவிட்டுக் கோலை எடுத்தார். இராஜேந்திரன் போனோடு பின்னால் போனார்.

குசினியில் இருந்து ஹோலுக்கு வர ஒரு படி. அதைத் தவநாயகி பக்கவாட்டாக இறங்கினார். முன் கதவு. வெளியே நாலு படி. ஒரு காலை வைத்து, மற்றக் காலை அதே படிக்கு இறக்கி, கைபிடியில் மூச்சு வாங்கி, அடுத்த படி. நடைபாதையில் குப்பைத் தொட்டிகளைச் சுற்றினார். மதில் ஓரம் நின்று முழங்காலை ஒரு தரம் உருவிக்கொண்டார். பிறகு கிறிஸ்துராஜாவின் கேற், அந்தப் பக்கத்து நாலு படி. நாலாம் படியில் கோலைக் கதவில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துத் தன்னை இழுத்து ஏற்றினார். றஜீனா கதவைத் திறந்து, கோலை எடுத்துக் கொடுத்தார். ஹோல், குசினி, பின் வாசல். பின் வாசலில் வந்து நின்று வேலிக்கு மேலால் இராஜேந்திரனின் குசினிப் புகைக்கூண்டைக் காட்டி, "வந்திட்டன்" என்றார். முகம் வேர்த்திருந்தது.

பதினொரு நிமிடம். ஜாவாவில் ஒருவரும் பலகாரத்தைத் தொடவில்லை.

பதினொரு வருடமாக நத்தார்க் கேக் வந்த வழி இதுதான், புக்கை போன வழியும் இதுதான். இராஜேந்திரன் அதை இதுவரை ஒரு நாளும் பார்த்ததில்லை. சுட்டுக் கொளுத்தினாலும் இப்படி எரியாது என்கிற மாதிரி அவருக்கு நெஞ்சு எரிந்தது. குளிரைத் திட்டினேனே, படியைத் திட்டினேனே, டொக்டரைத் திட்டினேனே என்று நினைத்தார்.

"ஏன் பின்பக்கத்தாலை நேராப் போகேல்லை எண்டு கேக்கிறா" என்றாள் விதுஷா. அவளுடைய குரலும் இறங்கியிருந்தது.

"வேலி" என்றார் இராஜேந்திரன்.

"ஆர் போட்டது எண்டு..."

கிறிஸ்துராஜா இப்போது தன் வளவில், மூன்று அடி தள்ளி நின்றார். பதினொரு வருடம் காத்திருந்த கேள்வி. ஆனால் அவர் வாய் திறக்கவில்லை. தவநாயகியின் வேர்த்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான்" என்றார் இராஜேந்திரன். "நாலு விரற்கடை தள்ளிப் போட்டனான். தெரிஞ்சுதான் போட்டனான். பொட்டை அடைச்சதும் நான்தான். அங்கை அவவின்ரை வளவிலையும் தள்ளித்தான் நட்டனான்."



"அப்பா, இதை ட்ரான்ஸ்லேட் பண்ணவோ?"

"பண்ணு."

விதுஷா சொன்னாள். பதினாலு பேரும் கேட்டார்கள். வட்டாரத் தலைவர் எழுதத் தொடங்கி, பிறகு பேனையை மூடி வைத்துவிட்டார். சுலஸ்திரி நெடுநேரம் பேசினார்.

"கதியால் எல்லாம் தழைச்சு ஆளுயரமாம். அவவின்ரை ஆடுகள் அந்த இலையைத் திண்டு கொழுத்துப்போச்சாம், அதாலை பிடுங்க வேண்டாமாம். ஆனா பலகாரத் தட்டோடை ஒரு மனிசி போய் வரக்கூடிய அளவுக்கு நடுவிலை ஒரு பொட்டு விடவேணுமாம். முதல் லண்டனிலை ஒண்டு விட்டுக் காட்டட்டாம், அதுக்குப் பிறகு கையெழுத்தாம்."

"எப்ப காட்டவேணும்?"

"இப்ப. அவை எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம்."

போனைப் பூச்சாடியில் சாய்த்து வைத்தார்கள். தூண்களின் காடிக்குள் இறங்கியிருந்த பலகைத் தட்டியை மேலே தூக்கினால்தான் கழற்றலாம். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள். ஈரத்தில் ஊறிய தட்டி பிணப் பாரம். ஒருவழியாக நெஞ்சளவுக்குத் தூக்கி, இரண்டு பேருக்கும் கை நடுங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து கிறிஸ்துராஜா வாய் திறந்தார்.

"ஒரு விசயம் சொல்லவேணும்."

"இப்பவோ? தூக்கும், தூக்கும்."

"நீங்கள் ரொறன்ரோவிலை ஒரு கலியாணத்துக்குப் போன கிழமை, வாசல் பக்கத்துச் செடிவேலியை நான் புடுங்கி நட்டனான். ஆறு விரற்கடை. உங்கடை பக்கம்."

இராஜேந்திரனின் கை வழுக்கப் பார்த்தது. விட்டால் தட்டி காலில் விழும். விடவும் முடியவில்லை, அவருடைய கழுத்தைப் பிடிக்கவும் முடியவில்லை.

"ஆறோ!"

"பாதருக்குச் சொல்லிட்டன். அவர் உங்களுக்கும் சொல்லச் சொன்னவர். ஒன்பது வருசமாச் சொல்லச் சொல்லித்தான் சொல்லுறார்."

"நான் நாலுதானே எடுத்தனான்!"

"எனக்குக் கோவம் கூட."

தட்டி காடியை விட்டு வெளியே வந்தது. இருவரும் அதைப் புல்லில் கிடத்திவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். வேலியில் ஒரு கதவகலத்துக்கு வெளிச்சம் விழுந்தது.

றஜீனாவின் பின் வாசலில் நின்ற தவநாயகி அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். கோலை எடுத்தார். நேராக நடந்தார், தூணில் ஒரு கை வைத்தார், இந்தப் பக்கம் வந்தார், தன் குசினி வாசலில் ஏறினார். இராஜேந்திரன் எண்ணினார். பதினேழு அடி. குசினிக்குள் போனவர் உடனே திரும்பி வந்தார்.

"றஜீனா, உப்பு வாங்க மறந்துபோனன்" என்று சிரித்துக்கொண்டு மறுபடி அந்தப் பக்கம் போனார். அதுவும் பதினேழு அடி. முகம் வேர்க்கவில்லை. பூச்சாடியில் சாய்ந்திருந்த போனுக்குள் பதினாலு பேர் கை தட்டினார்கள்.

இராஜேந்திரன் அழுதார். மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை, புல்லில் கிடந்த தட்டியின் மேல் குந்தியிருந்து தோள் குலுங்க அழுதார்.

கிறிஸ்துராஜா பதறிப்போனார். கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினார்.

"அண்ணை, அந்த ஆறு விரற்கடையையும் இண்டைக்கே தள்ளி நட்டு விடுறன். அழாதேங்கோ அண்ணை."